பகா எண்ணா, முதன்மை எண்ணா?

‘2147483647 ஒரு முதன்மை எண்’ என்று கணிதக் காணொளி ஒன்றின் தமிழ் விவரணையில் அண்மையில் மறுபடியும் கேட்டேன். ஆங்கிலத்தில் ‘பிரைம் நம்பர்’ எனப்படுவதைப் பள்ளியில் பகா எண் என்று படித்தவர்களே இப்படிப் பெயர்ப்பது வருத்தம் தருகிறது.

‘பகு’ என்னும் வினையடியின் எதிர்மறைப் பெயரெச்சம் ‘பகாத’. அதன் ஈறு கெட்டால் ‘பகா’. ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். மற்றொன்றால் வகுபடுவது பகு எண்.

‘முதன்மை’ வந்த வழி வேறு. பண்டைக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கையாண்ட கிரேக்கச் சொல்லான ‘புரோட்டோஸ்’ முதலாவது என்று பொருள்படும். அது இலத்தீனில் ‘பிரைமஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘பிரைம்’ ஆயிற்று. தமிழில் முதன்மை என்பதோ தலைமையையும் சிறப்பையும் குறிக்கும். ஆகவே அது மூலச்சொல்லுக்கு நேரான பெயர்ப்பும் அன்று.

மேற்கண்ட எண்ணே இதன் தீங்கைக் காட்டப் போதும். இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த அந்த எண், குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணாகக் கணினி வைத்துக்கொள்ளும் உச்ச மதிப்பு. 2038ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று, நொடிகளை இவ்வகை எண்ணில் எண்ணிவரும் பழைய கணினிகளின் நேரக் கணக்கு பிழைபடக்கூடும் என்று அஞ்சுவதும் இதனால்தான். ‘முதன்மை எண்’ என்று கேட்பவர் இந்தச் சிறப்பையே நினைப்பார். கணித மேதை ஆய்லர் 1772இல் நிறுவியது அதையன்று. ஒன்றும் தானும் அன்றி இதற்கு வேறு வகுஎண் இருந்தால், இதன் வர்க்கமூலத்தின் முழுப் பகுதியான 46340க்கு உட்பட்டு, 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் பகா எண் ஒன்றாவது இதை வகுத்தாக வேண்டும். அப்படி எதுவும் வகுக்கவில்லை. எண் பகவில்லை என்பதே அவர் கண்ட முடிவு, அதுவே சொல்லாகவும் நிற்கிறது. அவ்வாறே, அவருக்கு முந்தைய கணித அறிஞர் ஃபெர்மா பகா எண் என நம்பிய 4294967297ஐ 641 × 6700417 என்று ஆய்லர் 1732இல் பகுத்துக் காட்டினார். ‘அது முதன்மை எண் அன்று’ என்றால், அங்கே என்ன நடந்தது என்பது யாருக்கு விளங்கும்?

பகா எண்ணுக்குப் பகு எண் என்னும் இணை உண்டு. முதன்மைக்கு இணை தேடிச் சிலர் ‘கலப்பு எண்’ என்கின்றனர். அதுவோ மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் கற்பனைப் பகுதி கொண்ட எண்ணுக்கு உரிய பெயர். ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லாத 8, 9 ஆகியவற்றைச் சார்பகா எண்கள் என்பதை விட்டு, ‘ஒன்றுக்கொன்று முதன்மையானவை’ என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். அச்சொற்றொடருக்குத் தமிழில் பொருளே இல்லை. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைப்பவர், அத்துறையில் தமிழ் முன்பே என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பில் இன்று மலிந்துள்ள குறை இதுவே.

7ஐ மூன்றரை மூன்றரையாகப் பகுக்கலாமே, பிறகு எப்படிப் பகா எண் ஆகும் என்று கேட்போரும் உண்டு. அதற்கு விடை இலக்கணத்திலேயே உண்டு. நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என இரண்டாக்குகிறது. ஊரன் என்பது ஊர், அன் எனப் பகும். பகாப்பதமான நிலம் என்பதையும் எழுத்தெழுத்தாக உடைக்கலாம். ஆனால் அத்துண்டுகள் அச்சொல்லின் பொருளுக்கு உறுப்பாகா. மூன்றரை முழு எண் ஆகாததும் அவ்வாறே.