தைரியத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் வராதீர்கள்

போன வாரம் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார். நாற்பதைத் தாண்டியவர். சேரில் உட்கார்ந்ததுமே தலை ஒரு பக்கம் சாய்ந்தது, பேச்சு குழறியது. விசாரித்தால், அவருடைய அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை இரண்டு, அதன்மேல் தைரியத்துக்கு ஒரு குவார்ட்டர். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து பைக்கை வேறு ஓட்டி வந்திருக்கிறார். பல்லைத் தொடவே இல்லை. நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்த்து மருத்துவமனைக்கு அனுப்பினேன். கிளம்பும்போது அவர் மனைவி கேட்டார்: "நீங்களும் இதே மாதிரி மருந்துதானே டாக்டர் குடுப்பீங்க?"

இப்படிக் கேட்பவர் இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் மயக்கநிலை சிகிச்சை, அதாவது பயத்தை அடக்க மருந்து கொடுத்துப் பல் வைத்தியம் செய்வது, மருந்து மட்டும் இல்லை. பக்கத்தில் நின்று கவனிக்கும் ஆளும் சேர்ந்ததுதான் அது. மிடசோலம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றும்போது கொஞ்சம் கொடுத்து, காத்திருந்து, பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் கொடுப்பார்கள். விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜன், அளவு கூடினால் முறிக்க ஃப்ளூமசெனில் ஊசி, இதையெல்லாம் கையாளத் தெரிந்த மயக்க மருந்து நிபுணர். வீட்டில் விழுங்கிய மாத்திரை எப்போது வேலை செய்யும், எவ்வளவு செய்யும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். போதாக்குறைக்கு நாங்கள் வேலை செய்யும் இடம் வாய். தண்ணீர், இரத்தம், பஞ்சு, உடைந்த பல் துண்டு எல்லாம் தொண்டைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு இருமல் சரியாக வராது. இதில் ஏதாவது மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுமா?

அல்பிரசோலம் போன்ற, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரைகள் மருந்து விதிகளின் அட்டவணை எச்1-இல் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். "தெரிஞ்ச கடை சார், கேட்டா குடுப்பாங்க" என்று என்னிடமே பெருமையாகச் சொல்கிறார்கள்! குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றித் தூங்கவைத்துத் தூக்கிவரும் பெற்றோருக்கும் இதே பேச்சுதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னொன்று. பயத்தைக் குறைக்கும் மருந்து வலியைக் குறைக்காது. மரத்துப்போகும் ஊசி எப்படியும் உண்டு.

சரி, பயப்படுகிறவர்களுக்கு என்னதான் வழி? பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே தேவைப்படாது. ஈறில் முதலில் ஜெல் தடவி, ஊசியை மெதுவாகப் போட்டு, இடதுகையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி, சொன்னபடி நிறுத்தினால் போதும்.

அதற்கும் அடங்காத பயத்துக்கு நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பூட்டும் வாயு. 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கவைத்துக்கொண்டார். (எங்கள் தொழிலில் இதுபற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு.) இன்று இதை ஆக்சிஜனோடு கலந்து மூக்கில் வைக்கும் சிறு மாஸ்க் வழியாகத் தருகிறோம். தூங்க மாட்டீர்கள், கேட்டால் பதில் சொல்வீர்கள், உடம்பு மட்டும் லேசாகும். முடிவில் சில நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்ததும் தெளிந்துவிடும். மூக்கடைப்பு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள், பி12 குறைபாடு, கண்ணுக்குள் வாயு வைத்துச் செய்த சமீபத்திய அறுவை சிகிச்சை இருந்தால் முன்பே சொல்லுங்கள். எல்லா கிளினிக்கிலும் இந்த மெஷின் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது நான் மேலே சொன்ன நரம்பு வழி மருந்து. கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், ஆனால் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்காது. அதனால்தான் "நல்லா தூங்கிட்டேன்" என்கிறார்கள். முழு மயக்கம் ஆபரேஷன் தியேட்டரில் மட்டும். வாய் நிறையச் சொத்தையோடு வரும் சின்னக் குழந்தைகள், ஒத்துழைக்க முடியாத சிறப்புக் குழந்தைகள், பெரிய அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றுக்கு அது வரம். ஒரே ஒரு ஆடும் பல்லுக்காக அதைக் கேட்பவர்களோடு நான் சண்டை போடுவேன்.

நரம்பு வழியோ முழு மயக்கமோ என்றால், சாப்பாடு, பால் எதுவும் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. "ஒரு இட்லிதான் சாப்பிட்டேன்" என்றால் சிகிச்சை இன்னொரு நாளைக்குத்தான். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்று காலை என்ன செய்வதென்று முந்தைய நாளே கேளுங்கள். வயது வந்த ஒருவர் உங்களோடு வர வேண்டும், வாசலில் இறக்கிவிட்டுப் போகும் ஆட்டோக்காரர் கணக்கில் வராது. மறுநாள் வரை வண்டி ஓட்டாதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சத்தமாகக் குறட்டை விடுபவரா? அதையும் சொல்லுங்கள், மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். பயமாக இருக்கிறது என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே போனில் சொல்லிவிட்டால் நேரம் ஒதுக்கிவைப்போம், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அப்புறம், தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துவாருங்கள். "அந்த வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்" என்றால் எனக்கு எப்படித் தெரியும்?