உங்கள் முகம் அப்படியே வந்தியத்தேவனா? பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு, சினிமாவுக்கு நடிகர் தேர்வு செய்யும் என் அலுவலகத்தைத் திறக்க வந்தால், வாசற்படியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ராத்திரி பஸ்ஸில் ஊரிலிருந்து கிளம்பி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, இரண்டு பஸ் மாறி சாலிகிராமம் வந்திருக்கிறான். மடியில் பளபளவென்று ஒரு ஆல்பம். பிரித்தால் உள்ளே அவனேதான். காதில் குண்டலம், இடுப்பில் வாடகை வாள், முறுக்கிய மீசை, பின்னால் ஸ்டூடியோத் திரையில் ஒரு கோட்டை.

அந்த ஆல்பத்துக்கு 22,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ‘பதிவுக் கட்டணம்’ 5,000. ‘காஸ்ட்யூம் டெபாசிட்’ 15,000. ஆக 42,000. அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது.

யாரோ ஒரு ‘கோ-ஆர்டினேட்டர்’ வாட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார். பிரபலமான சரித்திர நாவல் ஒன்றைப் படமாக எடுக்கிறார்களாம். உன் முகம் அப்படியே நாவலின் ஹீரோ, டைரக்டர் உன் போட்டோவைப் பார்த்து அசந்துவிட்டார், லுக் டெஸ்ட்டுக்கு வா என்று சொல்லி முகவரியும் கொடுத்திருக்கிறார். அது என் அலுவலக முகவரி. அந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. விசாரித்துப் பார்த்தேன், அப்படி ஒரு படமே இல்லை.

இந்த வருஷத்தில் இவன் நான்காவது ஆள். முதல் மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஊருக்குப் போகக் காசும் கொடுத்து அனுப்பினேன். இந்தத் தடவை பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

பணம் வாங்கியவனைத் திட்டி என்ன பயன்? அவன் காதில் விழப்போவதில்லை. அவன் விற்ற சரக்கைப் பாருங்கள். “உன் முகம் அப்படியே அவன்தான்.” இந்த ஒரு வரிக்கு ஏன் இவ்வளவு விலை? நாம்தான் ஏற்றிவிட்டோம். ஒரு நாவல் படமாகிறது என்று செய்தி வந்த அன்றே, எந்த நடிகர் முகம் எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் என்று போஸ்டர் ஒட்டி விளையாடுகிறோமே, அந்த விளையாட்டை நிஜம் என்று நம்புகிறவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். நாவலில் ஒரு முகம் இருக்கிறது, அதே முகத்தோடு ஒருவன் எங்கேயோ இருக்கிறான், அவனைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்று. பதினெட்டு வருஷமாக நடிகர் தேர்வு வேலை பார்க்கிறேன். ஒரு முகத்தைக்கூட நான் அப்படிக் கண்டுபிடித்ததில்லை.

சரி, அந்த முகம் எங்கே இருக்கிறது? வந்தியத்தேவன் ஹீரோவாக வருகிற ‘பொன்னியின் செல்வன்’ நாவலைக் கல்கி எழுதியது 1950 முதல் 1954 வரை. வாராவாரம் படம் வரைந்தவர் மணியம். உங்கள் பாட்டியின் வந்தியத்தேவன் மணியம் வரைந்தவன். பத்திரிகையில் மறுபடி மறுபடி தொடராக வந்தபோது வினு வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். இவர்கள் வரைந்த முகங்களை அருகருகே வைத்துப் பாருங்கள், ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்குக் கிடைத்த படத்தை மனதில் ஒட்டிக்கொண்டு, இதுதான் கல்கி சொன்ன முகம் என்று சண்டைக்கு வருகிறது.

கல்கி என்னதான் சொன்னார்? முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, களைத்த குதிரை, அதன்மேல் ஒரு வாலிப வீரன். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களை எண்ணுகிறான். பெண்கள் பாடுவதைக் கேட்கிறான். ஊர் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனை நமக்குப் பிடித்துப்போவது மூக்கு முழியால் இல்லை, வேடிக்கை பார்க்கிற அந்தக் குணத்தால்தான். பிறகு அவன் பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான், தப்பிப்பான், திரும்ப மாட்டிக்கொள்வான். காஸ்டிங் என்றால் இதற்கு ஆள் தேடுவது.

அந்த வேடத்துக்கு என்னை ஆள் பார்க்கச் சொன்னால் (யாரும் சொல்லவில்லை, ஆசைதான்) ஆடிஷனுக்கு வாள் சண்டை கொடுக்க மாட்டேன். அரிசிலாற்றங்கரை முதலைக் காட்சியைக் கொடுப்பேன். பெண்களின் கூச்சல் கேட்டு ஓடிவருகிறான், முதலையைப் பார்க்கிறான், வேலைக் குறிபார்த்து எறிகிறான். அது பஞ்சு அடைத்த முதலை. பெண்கள் சிரிக்கிறார்கள். வேல் எறிவதைப் பத்து நாள் பயிற்சியில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வரும் மூன்று நொடியை எந்த மாஸ்டரும் சொல்லித்தர முடியாது. அசடு வழியவும் வேண்டும், வீரனாகவும் நிற்க வேண்டும். சோழ இளவரசி குந்தவைக்கு அவனைப் பிடித்துப்போனதில் நமக்கு ஆச்சரியம் வரக்கூடாது. கட்டழகர்கள் பலர் இங்கேதான் விழுவார்கள். தங்களைப் பார்த்து யாரும் சிரிப்பதை அவர்களால் தாங்க முடியாது.

வயதையும் சேர்த்தே சொல்கிறேன். ‘வாலிப வீரன் என்றால் இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டாமா’ என்று கேட்கிறார்கள். 1958-இல் எம்.ஜி.ஆர் இந்த நாவலைப் படமாக்கப் போவதாக அறிவித்து, தானே வந்தியத்தேவனாக நடிக்க நினைத்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் படம் நடக்கவில்லை. 2022-இல் மணிரத்னம் படம் வெளியானபோது கார்த்திக்கு 45. ‘இவரா?’ என்று முதலில் கேட்டவர்கள் என் வீட்டிலேயே உண்டு. படம் பார்த்துவிட்டு வந்து வயதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குதிரையிலிருந்து இறங்கும் முழங்காலில்தான் நாங்கள் வயதைப் பார்ப்போம், ஆதார் அட்டையில் இல்லை.

முகம்தான் எல்லாம் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வருஷத்தைக் காட்டுகிறேன். 1978. உமாசந்திரன் எழுதிய ‘முள்ளும் மலரும்’ நாவலை மகேந்திரன் படமாக்குகிறார். (எம்.ஜி.ஆருக்காகப் பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதிய அதே மகேந்திரன்.) வின்ச் ஆபரேட்டர் காளியாக ரஜினிகாந்த். கறுப்பான ஆள், அதுவரை வில்லனாக வந்தவர் என்று தயாரிப்பாளர் தயங்க, மகேந்திரன் விடாப்பிடியாக நின்றார். இன்றைக்குக் காளியை வேறு முகத்தில் நினைக்க முடிகிறதா? அதே வருஷக் கடைசியில் சுஜாதாவின் ‘ப்ரியா’. அதில் வக்கீல் கணேஷாக அதே ரஜினி. படம் ஓடியது, பாட்டு இன்றும் கேட்கிறோம். ஆனால் தீவிர சுஜாதா வாசகர் ஒருவரிடம் ‘அவர்தானே கணேஷ்?’ என்று கேட்டுப் பாருங்கள், முகம் சுளிப்பார். அதே ஆள், அதே முகம், அதே வருஷம். காளியின் திமிரும் வீம்பும் அந்த உடம்பில் ஓடின. கணேஷ் அளந்து பேசுகிற, குரலை உயர்த்தாத மூளைக்காரன். அந்த நேரத்து ரஜினியின் வேகத்தை அந்தக் கோட்டுக்குள் அடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வாசகர் மனதில் இருக்கும் முகத்தோடு மோத வேண்டிய இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தவர்கள் 1939-இல் ‘தியாக பூமி’ எடுத்தவர்கள். ஆனந்த விகடனில் கல்கியின் தொடர் வந்தபோதே சித்திரங்களுக்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். சம்பு சாஸ்திரி என்று படிக்கும்போதே பாபநாசம் சிவன் முகம் பக்கத்தில் இருந்தது. வாசகருக்கு வேறு முகம் கற்பனை செய்ய அவகாசமே இல்லை. எங்கள் தொழிலுக்கு அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

‘அந்தக் கலை தெரிந்தவரையே போட்டிருக்கலாமே’ என்பது இன்னொரு கட்சி. ‘தில்லானா மோகனாம்பா’ளில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் நாம் பார்த்தது சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் ரோஷமும். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நான் முதலில் பார்ப்பது நாக்கை. சரித்திர நாவல் வசனம் என்றால் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக வந்தாக வேண்டும். கம்பீரமாக நின்று, கண்ணை உருட்டி, “என் வாலை உருவினால் என்ன ஆகும் தெரியுமா!” என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுவேட்டரையரைப் ‘பலுவேட்டரையர்’ ஆக்கியவர்களுக்குக் கணக்கே இல்லை. அடுத்து உயரம். தனியாக அளப்பதில்லை, எதிரே நிற்கப் போகிறவரோடு சேர்த்துத்தான் அளப்போம். வந்தியத்தேவனோடு அடிக்கடி வருகிற வைஷ்ணவ ஒற்றன் ஆழ்வார்க்கடியானைக் கட்டையும் குட்டையுமானவர் என்று கல்கி எழுதிவிட்டார். பக்கத்தில் நிற்கும் ஹீரோவைப் பொறுத்துத்தானே அந்தக் குட்டை! மேக்கப், விக், மீசை எல்லாம் கடைசியில் வருகிற சமாச்சாரம். அந்தக் கடைசிச் சமாச்சாரத்துக்குத்தான் அந்தப் பையன் 22,000 கொடுத்திருக்கிறான்.

இனி கொஞ்சம் கசப்பான உண்மை. பெரிய நாவல் படமாகும்போது ஹீரோ யார் என்று என்னை யாரும் கேட்பதில்லை. இயக்குநரும் தயாரிப்பாளரும் உட்கார்ந்து, வியாபாரமும் கால்ஷீட்டும் பார்த்து முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் வரும். ஒற்றன், படகோட்டி, பூசாரி, அரண்மனைக் காவலன், ஹீரோவின் சின்ன வயதுப் பையன் என்று முப்பது நாற்பது வேடங்களோடு. புதுமுகங்களுக்கு வாசல் அங்கேதான் இருக்கிறது, அது நல்ல வாசலும்கூட. ஆகையால் ‘ஹீரோ வேடம் காலியாக இருக்கிறது’ என்று முன்பின் தெரியாதவன் உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் அதை இரண்டாவது தடவை படிக்காதீர்கள்.

ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது. பதிவு, டெபாசிட், ‘யூனியன் கார்டு’, ‘டைரக்டர் மீட்டிங்’, எந்தப் பெயரில் கேட்டாலும் கிடையாது. நடிகருக்குத்தான் நாங்கள் பணம் தர வேண்டும். இது கூடவா புரியாது? வேலைக்கு ஆள் எடுக்கிறவன் உன்னிடமே கூலி கேட்டால் வேறு எந்த வேலையாக இருந்தாலும் சிரிப்பாய். சினிமா என்றால் மட்டும் ஏன் ஜிபே செய்கிறாய்?

போட்டோ ஷூட்டை இவரிடம்தான் எடுக்க வேண்டும் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தேவை போனில் எடுத்த மூன்று படங்கள்: நேர்முகம், பக்கவாட்டு, முழு உருவம். ஜன்னல் வெளிச்சம் போதும். கூட ஒரு நிமிஷ வீடியோ, பெயரும் ஊரும் சொல்லி, பிடித்த பக்கம் ஒன்றை வாசித்தால் போதும். வாள் வேண்டாம், தயவுசெய்து.

தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் அவர்களுடைய அதிகாரபூர்வப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெயரில் வரும் அழைப்புகளை நம்பாதீர்கள் என்று பெரிய நிறுவனங்களே அறிக்கை விட்டு அலுத்துவிட்டன. ஆதார் நகல், வங்கி விவரம், வெற்றுத் தாளில் கையெழுத்து, இவை எதுவும் ஆடிஷனில் தேவைப்படாது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆடிஷன் அலுவலகத்தில் பகலில் நடக்கும். கூட அம்மாவோ தோழியோ வரலாம், வந்தால் நாங்கள் நாற்காலி போடுவோம். ஓட்டல் ரூம், ராத்திரி, ‘தனியா வாங்க’, ‘உடம்பு தெரியற மாதிரி போட்டோ அனுப்புங்க’ என்று எவன் சொன்னாலும், அவன் எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும், போகாதே அம்மா. போகாததால் போன வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாண்டுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்ப வரும். மணிக் கணக்கில் தாமதித்தால்கூடக் கஷ்டம். இந்தப் பையன் பத்தொன்பது நாள் காத்திருக்கிறான், கோ-ஆர்டினேட்டர் போனை எடுப்பார் என்று.

என் மேஜையிலிருந்தே புகாரைப் பதிவு செய்ய வைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்து முதலைப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வேல் எறிகிற இடத்தில் குரலை ஏற்றிக்கொண்டு ஒரே ஆர்ப்பாட்டம். சகிக்கவில்லை. பெண்கள் சிரிக்கும் இடம் வந்ததும் நானும் என் உதவியாளரும் நிஜமாகவே சிரித்துவிட்டோம். பையன் வாசிப்பதை நிறுத்தினான். புத்தகத்தால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, பின்கழுத்தைத் தேய்த்தபடி, “ரொம்பக் கேவலமா இருக்கா மேடம்?” என்று கேட்டுச் சிரித்தான்.

“தம்பி, இப்ப பண்ணின பாரு, அதை மறந்துடாதே” என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

மீசையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று மூன்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படகோட்டிக்கு ஆள் தேடும் படம் ஒன்று இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. மீசையை எடுக்க மனசு வரவில்லை போல.