பவர் ஸ்பிரேயரில் கரண்ட் வரவில்லையா? காயிலை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

இலவம்பாடி முள் கத்திரிக்கு மருந்து அடிக்கிற நேரத்தில் முதுகு ஸ்பிரேயர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்ப் பக்கம் உடனே வரும் முடிவு: "காயில் போயிடுச்சு." காயில் என்பது பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச்சுருள். டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பாகம் அது. பணத்தைச் செலவழிக்கும் முன் வரிசையாகப் பாருங்கள்.

மருந்துத் தொட்டியைக் காலி செய்து, இயந்திரத்தைத் தரையில் வைத்து, பெட்ரோலை மூடிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதன் பக்கத்திலேயே பொறியைச் சோதிப்பது தீயை அழைப்பதுதான். கழற்றிய துளையை வேறொரு பழைய பிளக்கால் மூடிவிட்டு, நல்ல பிளக்கைக் கேப்பில் (காயில் வயரின் முனையில் உள்ள மூடி) மாட்டி, அதன் உலோக உடலைச் சிலிண்டர் துடுப்பில் அழுத்தி வைத்துக் கயிறை இழுங்கள். வெறும் வயரை எதிலும் படாமல் விட்டு இழுக்காதீர்கள். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உள் இன்சுலேஷனையே துளைத்துவிடும்.

பொறி நீல நிறத்தில், 'டிக்' என்ற சத்தத்தோடு வர வேண்டும். வெளியில் பொறி தெரிந்தாலே எல்லாம் சரி என்று நம்பிவிட வேண்டாம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தம் கூடும்போது அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். மெல்லிய ஆரஞ்சுப் பொறி உள்ளே செத்துப்போகும்.

கழற்றிய பிளக்கின் முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து எண்ணெய் வழிந்தால் ஆயில் கலவை கூடியிருக்கலாம். கண்ணளவில் ஊற்றாமல் கையேட்டில் உள்ள விகிதத்தில் அளந்து கலக்குங்கள். பிளக் இடைவெளி பெரும்பாலான இயந்திரங்களில் 0.6 முதல் 0.7 மி.மீ. வரை.

பொறியே இல்லையா? ஆஃப் ஸ்விட்ச்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் காயில் பக்கம் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. ஸ்விட்ச்சோ, எங்காவது உரசித் தோல் உரிந்த வயரோ எர்த் ஆகிறது. மருந்து சிந்தி ஸ்விட்ச் பச்சை பூத்துப்போவது சகஜம். வயரைக் கழற்றிய நிலையில் ஸ்டார்ட் செய்து ஓட்டாதீர்கள். முதுகில் இருக்கும் இன்ஜினை உடனே நிறுத்த வழியிருக்காது.

அடுத்து பிளக் கேப். ரெசிஸ்டர் (மின்தடை) உள்ள கேப் மல்டிமீட்டரில் பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். மீட்டர் நகரவே இல்லை என்றால் கேப்பை மட்டும் மாற்றினால் போதும்.

காயிலுக்கும் மேக்னட் வீலுக்கும் (இன்ஜினோடு சுழலும் காந்தச் சக்கரம்) நடுவே 0.3 மி.மீ. அளவு இடைவெளி வேண்டும். துரு ஏறியிருந்தால் தேய்த்துவிட்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து போல்ட்டை இறுக்குங்கள். பொறி நன்றாக இருந்தும் கயிறு கையைப் பின்னால் சுண்டினால், மேக்னட் வீலைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சிறிய கீ வெட்டுப்பட்டு, பொறி வரும் நேரம் (டைமிங்) நகர்ந்திருக்கிறதா பாருங்கள். வீல் நட் தளர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

உண்மையிலேயே காயில் பழுது என்றால் அது சூட்டில் காட்டிக்கொடுக்கும். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் சிறிது நேரம் ஓடி நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடும். நின்ற அந்த நிமிடமே, சூடு ஆறும் முன், கையுறையோடு பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லை, ஸ்விட்ச் வயரைக் கழற்றியும் இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் காயிலை மாற்றலாம். சூட்டிலும் பொறி வலுவாக இருந்தால் பெட்ரோல் வராமல் நின்றிருக்கலாம்; பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.