இஸ்ரவேல்: மல்லுக்கட்டி வாங்கிய பெயர்

விவிலியத்தில் வரும் யாக்கோபுக்கு இஸ்ரவேல் என்று பெயர் மாறிய கதையை ஞாயிறு பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும்: "யாக்கோபு என்றால் எத்தன், இஸ்ரவேல் என்றால் தேவனோடு போராடியவன்." சரிதான். ஆனால் அந்தப் 'போராடியவன்' எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. இன்றைய தமிழில் போராட்டம் என்றால் பந்தல், உண்ணாவிரதம், சாலை மறியல். யாக்கோபு கோரிக்கை மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. கட்டிப்பிடித்துப் புரண்டிருக்கிறான்.

கதை விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மாமனார் லாபானிடம் 20 வருஷம் உழைத்துவிட்டு, மனைவி மக்கள், ஆடுமாடுகளோடு யாக்கோபு ஊர் திரும்புகிறான். அண்ணன் ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று தகவல் கிடைக்கிறது. அந்த அண்ணனுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதத்தைத்தான் அப்பாவை ஏமாற்றி வாங்கிக்கொண்டு முன்பு ஓடியிருந்தான். பயம் இல்லாமல் இருக்குமா? குடும்பத்தை யாப்போக்கு ஆற்றுக்கு அக்கரை அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிறான். இன்று ஜோர்தான் நாட்டில் ஸர்கா என்ற பெயரில் ஓடும் ஆறு அது. இருட்டில் யாரோ ஒருவர் அவனைப் பிடிக்கிறார். விடியும்வரை பிடி தளரவில்லை. அவனை வெல்ல முடியாத அந்த மனிதர் தொடைச்சந்தைத் தொட, அது சுளுக்கிக்கொள்கிறது. அப்போதும் இவன் விடுவதாக இல்லை: "நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்." அப்புறம்தான் வந்தவர் பெயரைக் கேட்கிறார், இஸ்ரவேல் என்ற புதுப் பெயரும் கொடுக்கிறார்.

மூல எபிரெயத்தில் இந்த இடத்தில் இரண்டு வெவ்வேறு வினைச்சொற்கள் இருக்கின்றன. தமிழில் பலரும் கவனிக்காத விஷயம் இது. ராத்திரி நடந்ததைச் சொல்ல வருவது 'யெஆவெக்'. பெயருக்குக் காரணம் சொல்ல வருவது 'சாரா' என்ற வேர். நம் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் 'போராடி' என்றே போட்டுவிட்டது.

'யெஆவெக்' எபிரெய வேதத்தில் இந்தக் கதையைத் தவிர வேறெங்கும் வராத சொல். 'அவாக்' என்றால் புழுதி. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இதற்கு இரண்டு பொருள் தருகிறார். ஒன்று, காலால் புழுதி கிளப்பிப் புரள்வது. இன்னொன்று, ஒருவரையொருவர் கட்டிக்கொள்வது, முடிச்சுப்போட்டதுபோல. அவர் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. இதில் காதுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. யாகோவ், யபோக், யெஆவெக் என்று ஆளின் பெயர், ஆற்றின் பெயர், செய்த வேலை மூன்றும் ஒன்றோடொன்று உரசுகின்றன. மொழிபெயர்ப்பில் இந்த உரசல் முழுசாகப் போய்விடுகிறது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

'சாரா' என்ற வேரும் அபூர்வம்தான். இங்கே வருகிறது, இதே கதையை நினைவுகூரும் ஓசியா தீர்க்கதரிசியின் நூல் 12ஆம் அதிகாரத்தில் வருகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஆளுக்கொரு பொருள் சொல்லியிருக்கிறார்கள். 'சர்' என்றால் எபிரெயத்தில் தலைவன், பிரபு. அதைப் பிடித்துக்கொண்டு 'கடவுளோடு பிரபு' என்று பொருள் கண்டவர் லத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஜெரோம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'கடவுளோடு வலிமை காட்டினாய்' என்கிறது. அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் ஃபிலோ 'கடவுளைக் காண்பவன்' என்று விளக்கினார். அழகான விளக்கம், ஆனால் இலக்கணம் இடம் கொடுக்காது. யாக்கோபு அந்த இடத்துக்குப் பெனியேல், அதாவது 'தேவனுடைய முகம்', என்று பெயரிட்டு, "நான் தேவனை முகமுகமாய்க் கண்டேன்" என்று சொன்னதும் அந்த விளக்கத்துக்குத் துணை போயிருக்கலாம்.

இலக்கணம் என்றதும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 'ஏல்' என்றால் கடவுள். 'ஏல்' என்று முடியும் எபிரெயப் பெயர்களில் வினை செய்பவர் பெரும்பாலும் கடவுள்தான். இஸ்மவேல் என்றால் 'தேவன் கேட்கிறார்', தேவனைக் கேட்பவன் அல்ல. அந்த வாய்பாட்டில் வைத்தால் இஸ்ரவேல் என்பது 'தேவன் போராடுகிறார்' அல்லது 'தேவன் ஆளுகிறார்' என்றே வரும். கதையோ அதைப் புரட்டிப்போட்டு, மனிதன் தேவனோடு போராடியதாகச் சொல்கிறது. பெயர் முன்பே இருந்திருக்க வேண்டும், கதை அதற்குத் தன் விளக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. விவிலியத்துக்கு வெளியே இந்தப் பெயர் கிடைக்கும் மிகப் பழைய இடமாகப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பது எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு. சுமார் கி.மு. 1208ஆம் ஆண்டைச் சேர்ந்த அதை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1896இல் கண்டெடுத்தார். அதில் இஸ்ரவேல் ஒரு நாட்டின் பெயராக இல்லை, ஒரு மக்கள் கூட்டத்தின் பெயராகவே குறிக்கப்பட்டிருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. சங்கத் தமிழில் 'எல்' என்றால் ஒளி, பகல், கதிரவன். அதை வைத்து எபிரெய 'ஏல்' தமிழ்ச்சொல்லே என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எபிரெயத்தின் உறவு மொழிகளான அக்காடியத்தில் 'இலு', உகாரித்தில் 'இல்', அரபியில் 'இலாஹ்' என்று அதன் சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவாகிவிடாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? "தேவனோடும் மனிதரோடும் போராடி மேற்கொண்டாயே" என்பது பழைய மொழிபெயர்ப்பு. இதில் 'மேற்கொண்டாய்' என்பதும் இன்று வழுக்குகிறது. அந்தத் தமிழில் அதற்கு 'வென்றாய்' என்று பொருள். இப்போது நாம் பயணத்தைத்தான் மேற்கொள்கிறோம். இளவட்டங்கள் இதைப் படித்தால் யாக்கோபு ஏதோ போராட்டம் நடத்த ஏற்றுக்கொண்டான் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

இலக்கிய நடைக்கு 'பொருதல்' பொருந்தும்: 'இறைவனோடு பொருதவன்'. ஆனால் அதில் வாள் வேல் வாசம் அடிக்கிறது. 'மற்போர்' சரியான சொல். ஆனாலும் களம், பார்வையாளர், கைதட்டல் எல்லாம் கூடவே வந்துவிடும். என் ஓட்டு 'மல்லுக்கட்டு' என்ற பேச்சுச் சொல்லுக்குத்தான். 'மல்' என்றால் வலிமை, மற்போர். முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் 'மாமல்லன்' பட்டத்தில் இருப்பதும் அதுதான். 'கட்டு' என்பதில் ராஷி சொன்ன பிணைப்பு அப்படியே இருக்கிறது. அதோடு, கெஞ்சலும் பிடிவாதமும் கலந்து ஒருவரை விடாமல் நிற்பதையும் நாம் மல்லுக்கட்டுவது என்றுதான் சொல்கிறோம். யாக்கோபு "அழுது, அவரை நோக்கிக் கெஞ்சினான்" என்கிறார் ஓசியா. இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகிறது. ஆக, இரவில் நடந்தது மல்லுக்கட்டு, பெயருக்குப் பொருள் 'இறைவனோடு பொருதவன்' என்று பிரித்து எழுதினால் மூலத்தில் உள்ள இரண்டு வினைகளும் தனித்தனியாகத் தெரியும்.

அந்தச் சுளுக்கு கதையோடு முடிந்துவிடவில்லை. தொடைச்சந்து நரம்பை இஸ்ரவேல் மக்கள் உண்பதில்லை என்று அதே அதிகாரம் சொல்கிறது. எபிரெயத்தில் 'கித் ஹனாஷே'. இன்றைக்கும் மரபு பேணும் யூதர்கள் அந்த நரம்பை நீக்காமல் பின்தொடை இறைச்சியைத் தொடமாட்டார்கள். இஸ்ராயீல், அதாவது யாக்கோபு, தமக்குத் தாமே ஓர் உணவை விலக்கிக்கொண்டார் என்று திருக்குர்ஆன் 3:93 சொல்கிறது. அதற்கு விளக்கம் எழுதியவர்கள் யஃகூப் (யாக்கோபு) நபிக்கு 'இர்குன் நஸா' என்ற தொடை நரம்பு வலி இருந்ததாகக் கூறுவார்கள். 'நாஷே', 'நஸா' இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள்.

எழுத்து வடிவத்திலும் குழப்பம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் இஸ்ரவேல், கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் இஸ்ரயேல், இஸ்லாமியத் தமிழில் இஸ்ராயீல், செய்தித்தாளில் இஸ்ரேல். எல்லாமே ஒன்றுதான். ஆனால் ஆட்களைக் குறிக்கும்போது பிரித்து எழுதுவது நல்லது. யாக்கோபின் வழிவந்த பழங்கால மக்கள் இஸ்ரவேலர். 1948 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட நாட்டின் குடிமக்கள் இஸ்ரேலியர், அவர்களில் அரபு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. மோசேயின் பின்னால் கடலைக் கடந்தவர்களை 'இஸ்ரேலியர்' என்று எழுதினால், அவர்கள் கையில் பாஸ்போர்ட் இருந்ததுபோல ஆகிவிடும்.