மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு

ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளரும் தட்டில், கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தோய்ந்த சிறு காகித டிஸ்கைச் சுற்றி பாக்டீரியா வளராத அகலமான தெளிந்த வட்டம் இருந்தால், மருந்து கேட்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 15 முதல் 26 மில்லிமீட்டர் தள்ளி எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் டிஸ்கையும் வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விட்டுப் பாருங்கள். சில தட்டுகளில் அந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில D எழுத்துப் போல ஆகிவிடும். இதுதான் டி-டெஸ்ட். டி வந்தால் ரிப்போர்ட்டில் கிளிண்டாமைசினுக்கு 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது மருந்து கேட்காது) போட்டுவிடுவோம். "வட்டம் இவ்வளவு பெரிசா இருக்கே, ஏன் ஆர்?" என்று பயிற்சி மருத்துவர்கள் கேட்பார்கள்.

காரணம் எர்ம் என்ற மரபணு. அதன் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய எடுக்கப்படும் நகல், சாதாரணமாக மடிந்து கிடக்கும். எரித்ரோமைசின் வந்து, புரதம் செய்யும் ரைபோசோமில் ஒட்டியதும் மடிப்பு விரியும். அப்போது உருவாகும் நொதி, ரைபோசோமில் இந்த இரண்டு மருந்துகளும் ஒட்டும் இடத்தையே மாற்றிவிடும். கிளிண்டாமைசினுக்கு அந்த மடிப்பை விரிக்கும் திறன் குறைவு. அதனால் அது தனியாக இருக்கும்போது பாக்டீரியா சாது போலத் தெரியும். சிகிச்சை நடுவில் எர்ம் நிரந்தரமாகத் திறந்துபோன வகை தலைதூக்கினால் மருந்து தோற்றுவிடும்.

"டிஎன்ஏவைப் படித்தால் ஏஐ எல்லாம் சொல்லிவிடுமே, பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். டிஎன்ஏவில் மரபணு இருப்பது தெரியும். அது எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி.

மெஷின் லேர்னிங்குக்கு உண்மையிலேயே வேலை இருப்பது அங்கேதான். கல்யாண மண்டபத்தில் பல இடங்களில் மைக் வைத்துப் பதிவு செய்தால், நாதஸ்வரத்தையும் பேச்சையும் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பால்சன் என்ற ஆய்வாளரின் குழு, 2019இல் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் 250க்கும் மேற்பட்ட ஆர்என்ஏ தரவுகளில் இதே கணக்கைப் போட்டது. எந்த மரபணுவை எது கட்டுப்படுத்துகிறது என்று முன்கூட்டி எதுவும் சொல்லித்தரவில்லை. சேர்ந்து கூடிக் குறையும் மரபணுக் குழுக்களாக 92 சமிக்ஞைகள் பிரிந்து வந்தன. அவற்றில் 61, ஏற்கெனவே தெரிந்த கட்டுப்பாட்டுப் புரதங்களோடு பொருந்தின. அடுத்த ஆண்டே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும் இப்படி 29 குழுக்கள் கிடைத்தன.

பொருந்தாத மீதியெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடிவிட முடியாது. ஒரு மரபணுவை நீக்கிய திரிபு (பாக்டீரியாவின் ஒரு வகை) தரவுக்குள் இருந்தாலே, அது தனிக் குழுவாக வந்து நிற்கும். சேர்ந்து கூடுகின்றன என்பதற்கும், இந்தப் புரதம்தான் கூட்டுகிறது என்பதற்கும் நடுவே ஆய்வக மேசையில் பல மாத வேலை இருக்கிறது. இன்னொரு சிக்கல், இந்தக் கணக்கு எண்ணுவது ஆர்என்ஏவை மட்டும். எர்ம் போல ரைபோசோமில் நடக்கும் கட்டுப்பாடு அதற்குச் சரியாகப் பிடிபடாது.

எனக்குப் பெரிய கவலை தரவுதான். பொதுத் தளங்களில் ஏற்றப்படும் ஆர்என்ஏ தரவுகளில் பலவற்றில் எந்தத் திரிபு, எந்த வளர்ப்பு ஊடகம், எத்தனை டிகிரி, மருந்து சேர்த்து எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்ற விவரமே இருக்காது. அப்படிப்பட்ட தரவை எந்த மாடலிலும் நம்பிச் சேர்க்க முடியாது. ஆய்வு மாணவர்கள் தயவுசெய்து அந்த நான்கையும் நிரப்பிவிட்டு ஏற்றுங்கள்.