மங்குக்கு அவசர வைத்தியம் வேண்டாம், அம்மாக்களே

போன வாரம் இன்னொருவர் வந்தார். டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம், இரண்டு பிள்ளைகளின் அம்மா, சின்னதுக்குப் பத்து மாதம். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முகத்தில் மங்கு, அதாவது கன்னத்தில் படரும் கருந்திட்டு. தம்பி கல்யாணத்துக்குள் அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று யாரோ கொடுத்த கிரீமைப் பூச ஆரம்பித்திருக்கிறார். கல்யாணம் முடிந்து மாதங்கள் ஆகியும் கிரீமை விட முடியவில்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். லேபிள் இல்லை, மூடியைச் சுற்றி செலோடேப், உள்ளே இளமஞ்சளாக மினுமினுக்கும் கிரீம். அவர் கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்புகள். காதோரம் புதிதாக முளைத்த பூனைமுடி.

“டாக்டர், பூசினா நல்லாத்தான் இருக்கு. நிறுத்தினாத்தான் பிரச்சினை” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை டர்பனில் எத்தனை அம்மாக்களிடம் கேட்டுவிட்டேன்! அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூசும்போது நன்றாக இருப்பது, நிறுத்தினால் எரிவது, சிவப்பது, முன்பைவிடக் கறுப்பது: இது கிரீம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை. தோல் அதற்கு அடிமையாகிவிட்டது என்பதற்கு அடையாளம். இந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. கை கால்களில் வரும் எக்ஸிமா போன்ற தோல் அழற்சிக்கு, மருந்துச்சீட்டோடு, சில வாரங்களுக்கு மட்டும் நாங்கள் எழுதித் தரும் மருந்து அது. முகத்தில் பூசினால் ரத்தக்குழாய்கள் சுருங்கி, வீக்கம் அடங்கி, ஒரே வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளக்கும். அந்த முதல் வாரத்தை நம்பித்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உள்ளே தோல் மெலிந்துகொண்டிருக்கும். நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் விரிந்து முகம் நெருப்பாக எரியும். “பார்த்தீர்களா, கிரீம் இல்லாமல் என் முகம் இப்படித்தான்” என்று மறுபடி டப்பாவைத் திறப்பார்கள். உங்கள் முகம் அப்படி இல்லை, அம்மா. அந்தக் கிரீம்தான் அப்படி ஆக்கியது.

ஸ்டீராய்டு இல்லையென்றால் ஹைட்ரோகுவினோன் என்ற, தோலை வெளுக்கும் ரசாயனம். அதை நீண்ட நாள் பூசினால் கன்னத்தில் நீலக்கறுப்பாகப் புள்ளி படிந்து, பிறகு எளிதில் போகாது என்பதை 1975-இலேயே இந்த நாட்டுத் தோல் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். 1990-இல் அழகுசாதனங்களில் அதைத் தென்னாப்பிரிக்கா தடைசெய்தது. அப்படியும் டப்பா மாறி, பெயர் மாறி, வந்துகொண்டேதான் இருக்கிறது. இன்னும் சிலவற்றில் பாதரசம். ‘தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படக்கூடாது’ என்று எழுதியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். தாலியில் படக்கூடாத ஒன்றை முகத்தில் எப்படிப் பூசுவீர்கள்?

குழந்தை வைத்திருப்பவர்களிடம் நான் குரலை உயர்த்துவது இந்த இடத்தில்தான். நீங்கள் பூசியது உங்கள் முகத்தோடு நிற்பதில்லை. பிள்ளை உங்கள் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்குகிறது, கையால் முகத்தைத் தடவி அந்த விரலை வாயில் வைக்கிறது, ஒரே துண்டில் நீங்கள் இருவரும் முகம் துடைக்கிறீர்கள். பாதரசம் அப்படிப் பிள்ளையின் உடம்புக்குள் போகும், தாய்ப்பால் வழியாகவும் போகும். சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கும் நஞ்சு அது.

அம்மாவான பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்து, ‘கொஞ்சம் கவனிச்சுக்கணும்’ என்று நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. நினைக்கவே நேரமில்லாமல் இருக்கிறீர்கள் என்பதும் தெரியும். அவசரம்தான் உங்களை அந்த டப்பாவிடம் கொண்டுபோகிறது. மங்கு அவசரத்தில் போகாது. கர்ப்பத்தில் வந்த மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாக மங்கும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும், வெயிலில் நிற்பவர்களுக்கும் தங்கிவிடும். டர்பன் வெயில் சாதாரணம் இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள்ளேயே போதுமான வெயில் பட்டுவிடும்.

காலையில் உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் அதை சன்ஸ்கிரீனுக்குக் கொடுங்கள். எஸ்பிஎஃப் 30 அல்லது 50, கேன்சா (தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கம்) முத்திரை உள்ளதாகப் பாருங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும், பொட்டுப் பொட்டாக வைத்தால் போதாது. மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், நம் நிறத்துக்கு அது முக்கியம். மேக்கப் போட்ட மாதிரியும் இருக்கும், தனியாக ஃபவுண்டேஷன் வேண்டாம். பால் கொடுப்பவர்களுக்கும் தரக்கூடிய அஸிலாயிக் ஆசிட் போன்ற மருந்துகள் எங்களிடம் உண்டு. மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கு ஆகும்.

தலைமுடி பற்றியும் கேட்பார்கள். பிரசவமாகி மூன்று நான்கு மாதத்தில் கொத்தாக உதிர்வது இயல்பு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரும். வரவில்லையென்றால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதியுங்கள், விலை கூடிய ஷாம்பு வாங்காதீர்கள். தோள் வரை வெட்டிக்கொண்டால் பராமரிக்க லேசு, முகமும் எடுப்பாக இருக்கும். டை அடிப்பதானால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிடுங்கள். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள், மருதாணிக்கு அந்த நிறம் கிடையாது.

சரி, ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்களுக்கு. இன்றோடு நிறுத்துங்கள். எரிந்தால், சிவந்தால் மறுபடி அதையே தடவாதீர்கள், எரிச்சலுக்கு மருத்துவம் இருக்கிறது. மாதக்கணக்கில் பூசியவர்கள் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை வாசலின் மட்டும் போதும். டப்பாவைக் குப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்து வாருங்கள், உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். யார் கொடுத்தார்கள் என்று கேட்டு உங்களைத் திட்ட மாட்டோம். தலையணை உறையையும் துண்டுகளையும் மாற்றிவிடுங்கள். வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.