மகரந்தம் நனையக் கூடாத கடற்புல்

பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வளரும் கடற்புற்களில் உருவத்தில் பெரியது என்ஹாலஸ் அகொராய்டிஸ். அடையாளம் காண்பது சுலபம். இலை ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். மண்ணுக்குள் படுத்து ஓடும் தண்டைத் தொட்டால் விறைப்பான கறுப்பு நார்கள் கையில் குத்தும். உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதி மட்கியதில் மிஞ்சியவை அவை.

பெரும்பாலான கடற்புற்கள் மகரந்தத்தைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும். இது மட்டும் விடாது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் அடியில், ஒரு மடலுக்குள் நூற்றுக்கணக்கான மொட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். முற்றியதும் காம்பு அறுந்து மேலே மிதந்து வரும். மேற்பரப்பைத் தொட்டதும் இதழ்கள் பின்னோக்கி வளைந்துகொள்ள, பூ அவற்றின் நுனியில் நிற்கும். மகரந்தப் பைகள் காற்றில் இருக்கும், ஈரம் படாது. காற்று அடிக்கிற பக்கம் இந்த வெள்ளைப் பொடிப் பூக்கள் வழுக்கிக்கொண்டு போகும்.

பெண் பூவுக்கு நீண்ட காம்பு. வற்றம் நன்றாக இறங்கும்போது அதன் மூன்று சுருக்கு விழுந்த இதழ்களும் நீர்மட்டத்தில் படர்ந்து மிதக்கும். இதழின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாது. ஆண் பூக்கள் வந்து ஒட்டும். ஏற்றம் வந்து நீர் உயர்ந்ததும் இதழ்கள் கூம்பி, ஒட்டியவற்றை உள்ளே சிறைப்பிடிக்கும். மகரந்தம் சூல்முடியைச் சேர்வது அப்போதுதான். பிறகு காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, காயைத் தரைப் பக்கம் இழுத்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமும் இதில்தான் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தின்போது பலத்த மழையோ அலையோ வந்தால் மகரந்தம் நனைந்து வீணாகும். ஆழம் அதிகமான இடத்தில் பெண் பூ மேற்பரப்பை எட்டாது. செடி செழிப்பாகவே நின்றாலும் காய் பிடிக்காது.

தண்டு பரவியே ஈடுகட்டலாமே என்றால், அது ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர்தான் நகரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹாலோஃபிலா ஓவாலிஸ் அதே காலத்தில் 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். படகின் புரொப்பெல்லர் கீறிய தடத்தை ஹாலோஃபிலா விரைவில் மூடும். என்ஹாலஸ் பக்கத்திலிருந்து பரவி மூடப் பல ஆண்டுகள் வேண்டும். அதனால் மறுநடவு செய்வோர் தண்டைவிட விதையை நம்புவதே நல்லது. ஆனால் இந்த விதைக்கு உறக்க காலம் கிடையாது. காய் வெடித்ததும் முளைக்கத் தொடங்கிவிடும். உலர்த்தி டப்பாவில் போட்டு வைத்தால் செத்துவிடும். கடல்நீரிலேயே வைத்திருந்து சீக்கிரம் மண்ணில் ஊன்றிவிட வேண்டும்.